விரல்களில் பிடிப்பு இல்லாதவர் சிபாப் கருவியை இரவில் தனியாகச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: சக்கரத்தில் ஒருவன்

அனைவருக்கும் வணக்கம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமடைந்ததால் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தி வருகிறேன். காயம் முழுமையானதன்று, தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் முடியும். ஆனால் விரல்களில் பிடிப்பு இல்லை. படுத்த பிறகு எவரேனும் புரட்டிவிட்டாலன்றி, கிடத்திய வாக்கிலேயேதான் விடியும்வரை கிடக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்தபடியே தலை தொங்கி உறங்கிவிடுவதும், காலையில் மண்டை கனத்து விழிப்பதும் நெடுநாளாக இருந்து வந்தன. தசை இறுக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் பேக்லோஃபென் மாத்திரையின் விளைவுதான் அது என்று சுற்றியிருந்தவர்கள் கூறினார்கள். இப்போது உறக்க ஆய்வு செய்து பார்த்ததில், மணிக்குச் சராசரியாக 38 முறை மூச்சு நிற்பதாகவோ குறைவதாகவோ பதிவாகியிருக்கிறது. தொண்டை அடைபடுவதால் உண்டாகும் உறக்க மூச்சுத்தடை என்றும், 30-ஐத் தாண்டினால் தீவிர நிலை என்றும் அறிக்கை கூறுகிறது.

மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதை விளக்கியவர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆயினும் அவர் சொன்ன ஒவ்வொன்றும், மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொண்டு, பட்டையை இழுத்துச் சரிசெய்து, மூச்சு முட்டினால் கையை உயர்த்திக் கழற்றிவிடக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்துச் சொன்னதாகவே இருந்தது. என்னுடன் வீட்டில் இருப்பவர் வயதான அம்மா மட்டுமே. என்னைப் புரட்டிவிட அவர் ஏற்கெனவே இரவில் எழுந்துகொண்டிருக்கிறார். மாஸ்க் நழுவும் ஒவ்வொரு முறையும் அவரை எழுப்ப மனம் ஒப்பவில்லை.

தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் மூச்சுத்தடை குறையும் என்று ஒருவரும், தலைப்பக்கத்தை உயர்த்தினால் வால் எலும்பருகே படுக்கைப்புண் வரும் என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். இருவருமே அந்தந்தத் துறையில் தேர்ந்தவர்கள். இவற்றில் எதைப் பின்பற்றுவது, மாஸ்க்கை எப்படிக் கையாள்வது, பேக்லோஃபெனைத் தொடரலாமா என்பனவே என் ஐயங்கள். இதே நிலையில் வாழ்ந்து பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: நிதானம்

நண்பரே, எனக்குத் தசைச்சிதைவு நோய். சிபாப்பைப் போலவே மாஸ்க் வழியே காற்றைத் தரும் பைபாப் கருவியுடன் இரவில் உறங்குகிறேன். காரணம் வேறானாலும் கைகளின் நிலை ஏறத்தாழ உங்களுடையதே என்பதால், மாஸ்க்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுவாக முகத்தின் அளவு, வாயைத் திறந்து உறங்கும் பழக்கம், பட்டையின் இறுக்கம் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: நள்ளிரவில் குமட்டல் வந்தால் இந்த மாஸ்க்கை முகத்திலிருந்து அகற்றப்போவது யார்? மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகையை அணிந்திருக்கும்போது வாந்தி வந்து, அதைத் தானே கழற்ற இயலாமல் போனால், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. கருவி நின்றுபோனால் வெளிக்காற்று உள்ளே வர அந்த வகையில் ஒரு வால்வு இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது வாந்திக்குத் தீர்வாகாது. ஆகவே, கழற்ற இயலாதவருக்கு அவ்வகை மாஸ்க்கைத் தருவதற்கு முன், கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடியவர் ஒருவர் இருக்கிறாரா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். உங்களிடம் கேட்கவில்லையென்றால் நீங்களே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கோ, நாசித்துளைகளின் வாயிலில் பொருந்தும் சிறு மெத்தை வகையோ நமக்கு ஏற்றது. வாயைத் திறந்தால் காற்று அவ்வழியே வெளியேறிவிடும். மற்றவர்களுக்குக் குறையாகத் தோன்றும் இந்தக் கசிவு நமக்குத் தப்பிக்கும் வழி. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் அறிவித்தபோது மூக்குவழியாகத்தான் காற்றைச் செலுத்தினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வாயையும் மூடினால்தான் சிகிச்சை முழுமையாகும் என்று யாரேனும் சொன்னால் அது எல்லோருக்கும் பொருந்துவதன்று.

தோளும் முழங்கையும் அசைவதால் உங்களால் மாஸ்க்கைக் கழற்ற முடியும் என்றே கருதுகிறேன். மாட்டுவதற்குத்தான் ஒருவர் துணை வேண்டியிருக்கும். பட்டையின் ஓரத்தில் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு அகலமான துணி வளையம் ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மணிக்கட்டை வளையத்துக்குள் நுழைத்துக் கொக்கியாக மாட்டி, கையை மேலே தூக்கினால் மாஸ்க் நெற்றிப் பக்கமாக எழும்பிவிட வேண்டும். குழாய் உச்சந்தலையில் இணையும் வகைகளில், குழாயை மட்டும் இழுத்துப் பிரித்துவிட்டாலும் காற்றழுத்தம் நின்றுவிடும். எந்த முறையாயினும் பகலில், விழித்திருக்கும்போது, ஒருவர் அருகில் நிற்கப் பழகிப் பாருங்கள். கழற்ற முடியும் என்று உடல் அறிந்துகொண்ட பிறகுதான் அச்சம் தணியும். அச்சம் தணிந்த பிறகுதான் உறக்கம் வரும்.

காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்குகள் விரல் வலுவில்லாதவர்களுக்கு மிகவும் வசதியானவை என்று விற்பனையாளர்கள் காட்டுவார்கள். உண்மையிலேயே வசதியானவைதாம். ஆனால் உடலுக்குள் பேஸ்மேக்கரோ, நரம்புத் தூண்டிக் கருவியோ, மூளைநீரை வடிக்கும் ஷன்ட் குழாயோ, இரத்தக்குழாய்க் கிளிப்போ இருப்பவர்களுக்கு அந்தக் காந்தங்கள் இடையூறு செய்யக்கூடும் என்று 2022-இலும் அதற்குப் பின்னரும் தயாரிப்பு நிறுவனங்களே எச்சரிக்கை வெளியிட்டன. அருகில் படுப்பவர் உடலில் அத்தகைய கருவி இருந்தாலும் இது பொருந்தும். பேக்லோஃபெனை உடலுக்குள் பதித்த பம்ப் மூலம் பெறுபவர்களும் மாஸ்க் வாங்குமுன் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கருவியின் பொத்தானை எட்ட முடியாதே என்ற கவலை வேண்டாம். மூச்சு விட்டதும் தானே இயங்கத் தொடங்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அமைப்பில் அதைச் செயல்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். குழாயைக் கட்டிலின் தலைப்பக்கம் உயரத்திலிருந்து தொங்கவிட்டால் கழுத்தைச் சுற்றாது. உங்களைப் புரட்டும்போது மாஸ்க்கை இழுக்கவும் செய்யாது.

மறுமொழி: மூச்சுக்கணக்கு

உறக்க ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறேன். மருத்துவர் அல்லேன், ஆகவே கீழே எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டியவையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கைப் பற்றி நிதானம் எழுதியதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கழுத்துத் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு மூக்கடைப்பு மிகவும் சாதாரணம். மூக்கின் உட்புறச் சவ்விலுள்ள இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கும் நரம்புகளின் கட்டுப்பாடு காயத்தால் தளர்ந்துவிடுவதால், சளி பிடிக்காமலேயே மூக்கு அடைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்யாமல் மூக்கு மாஸ்க்கை மாட்டினால், கருவியையே குற்றம் சொல்லி ஒரு மூலையில் வைத்துவிடுவீர்கள். கருவியோடு வரும் ஈரப்பதமூட்டி பலருக்குப் போதும். போதாதவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் தரக்கூடும். கடைகளில் தாமாக வாங்கும் மூக்கடைப்பு மருந்துகளில் பல, இரத்தக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துபவை. இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கும் தன்மை உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்கெனவே இருப்பதால், அவற்றைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இனி, தலையை உயர்த்துவதா வேண்டாமா என்ற கேள்வி. உங்களுக்கு அறிவுரை சொன்ன இருவரும் பொதுவான உடலை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் உடல் வேறு விதமாக இயங்குகிறது. மல்லாந்து படுக்கும்போது நாக்கும் மேல்வாயின் பின்பகுதியான மென்னண்ணமும் பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைப்பதால், தலைப்பக்கத்தை உயர்த்தினால் பலருக்கு அடைப்பு குறைவது உண்மை. ஆனால் கழுத்துக் காயத்தில் வயிற்றுத் தசைகள் செயலிழந்திருக்கும். நிமிர்ந்து அமர்ந்தால் வயிற்றுறுப்புகள் முன்னோக்கித் தள்ளிச் சரிய, உதரவிதானம் கீழிறங்கித் தட்டையாகிவிடும். அந்நிலையில் அதனால் வலுவாக இழுக்க முடியாது. படுத்தால் அவ்வுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளி, இழுப்பதற்கு ஏற்ற நிலையில் நிறுத்துகின்றன. இதனால்தான் மற்ற நோயாளிகளுக்கு நேர்மாறாக, உங்களைப் போன்றோரின் நுரையீரல் கொள்ளளவு அமர்ந்திருக்கும்போதைவிடப் படுத்திருக்கும்போது கூடுதலாக இருக்கிறது. அமரும்போது வயிற்றுக்கட்டு அணியச் சொல்வதும் இதனால்தான். ஆக, தலைப்பக்கத்தை உயர்த்தினால் உங்கள் தொண்டைக்குக் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பகுதியை உதரவிதானம் இழந்துவிடக்கூடும்.

படுக்கைப்புண் பற்றிச் சொன்னதும் சரியே. தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர்ந்தால் உடல் கீழ்நோக்கி வழுக்கும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு மட்டும் நகரும். வால் எலும்பருகே திசு கிழிபடுவது இந்த உராய்விழுப்பினால்தான்.

இரண்டுக்கும் பொதுவான விடை, பக்கவாட்டில் சாய்ந்து படுப்பது. நேர் பக்கவாட்டில் 90 பாகையில் படுத்தால் இடுப்பெலும்பின் முனையில் முழு எடையும் இறங்கும் என்பதால், முதுகுக்குப் பின்னால் சாய்வு மெத்தை வைத்து ஏறத்தாழ 30 பாகை சாய்த்துப் படுக்க வைப்பதையே தோல் பராமரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். அந்தச் சாய்வு மூச்சுத்தடைக்குப் போதுமானதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். மல்லாந்து படுக்காமலிருக்க முதுகில் பந்து கட்டி உறங்கும்படி சொல்லும் வழக்கமான உபாயம், தானாகப் புரள முடியாதவருக்குப் பயனற்றது மட்டுமன்று, புண்ணை வருவிப்பதுமாகும். உங்கள் ஆய்வறிக்கையில் மல்லாந்த நிலையிலும் பக்கவாட்டிலும் தனித்தனியாக எத்தனை தடைகள் பதிவாயின என்று பாருங்கள். ஆய்வு முழுவதும் மல்லாந்தே கிடந்திருந்தால், 38 என்ற எண் உங்கள் மோசமான நிலையை மட்டும் காட்டுவதாக இருக்கலாம்.

அந்த ஆய்வு எங்கே நடந்தது என்றும் நீங்கள் எழுதவில்லை. விரலிலும் மூக்கிலும் உணர்விகளை மாட்டி வீட்டிலேயே செய்யும் எளிய சோதனை, மூச்சுத் தசைகள் வலுவிழந்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. காரணம், அது கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை. மூச்சு ஆழமின்றி மேலோட்டமாக ஓடுவதால் இரவில் அந்த வாயு தேங்கினால், நீங்கள் சொல்லும் காலைத் தலைவலி வரலாம். அப்போது ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் சிபாப் போதாது, உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் தனித்தனி அழுத்தம் தரும் பைபாப் தேவைப்படும். கார்பன் டை ஆக்சைடு அளக்கப்பட்டதா என்பதை அவசியம் கேளுங்கள். ஆக்சிஜன் குறைகிறதே என்று ஆக்சிஜன் மட்டும் கொடுத்து உறங்க வைப்பது, அந்த வாயு தேங்குபவர்களுக்குத் தீங்காகவே முடியலாம்.

பேக்லோஃபென் மூளையின் மூச்சுத் தூண்டலை மந்தப்படுத்தக்கூடியது என்பது சரி; தூக்க மாத்திரைகளும் ஓபியாய்டு வலி மருந்துகளும் அதனோடு சேர்ந்தால் மந்தம் கூடும். ஆனால் பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், நீங்களாக ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள். இரவு வேளையின் அளவை மாற்றலாமா என்று கேளுங்கள்; அது போதும்.

மறுமொழி: தென்றல்வீடு

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த என் கணவரைப் பார்த்துக்கொள்பவள் நான். தம்பி, நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய வரிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுக்காத காலத்தில் என் கணவர் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுப்புவார். வயதும் நீரிழிவும் காரணம் என்றார்கள். கருவிக்குப் பழகிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. தொண்டை அடைபட்ட நிலையில் மார்பு மூச்சை இழுக்கப் போராடும்போது இதயத்தின் மேலறைகள் விரிவடைந்து, உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கின்றன என்று பின்னர் விளக்கினார்கள். நடக்க இயலாதவரை இரவில் எழுப்பி அமர்த்திக் கிடத்துவது இருவருடைய எலும்புக்கும் ஆபத்து. உங்களுக்குச் சிறுநீர்க்குழாய் போட்டிருந்தால் இது பொருந்தாமல் போகலாம். ஆனாலும் அம்மாவை முதல் சில வாரங்கள் கருவிக்காக எழுப்புவது, பின்னர் வரும் பல இரவுகளில் அவர் முழுமையாக உறங்குவதற்கு வழியாகலாம். எழுப்பக்கூடாது என்று நீங்களாக முடிவெடுத்துக்கொண்டு மூச்சுத்திணறிக் கிடப்பதை எந்தத் தாயும் விரும்பமாட்டார். முழங்கையால் அழுத்தினாலே ஒலிக்கும் பெரிய பொத்தான் கொண்ட அழைப்பு மணி ஒன்றைத் தலையணை அருகே வையுங்கள். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண சிபாப் கருவிகள், மாஸ்க் கழன்றால் பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பும் அளவுக்கு ஒலியெழுப்புவதில்லை.

புரட்டும் நேரத்தையும் மாஸ்க்கைச் சரிபார்க்கும் நேரத்தையும் ஒன்றாக்கிக்கொண்டேன். அப்போதே மூக்குத்தண்டின் மேல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு என்றால் அதுவும் படுக்கைப்புண்ணின் தொடக்கந்தான். பட்டையை இறுக்கினால் காற்றுக்கசிவு நிற்கும் என்பது எல்லோருக்கும் தோன்றும் எண்ணம். பெரும்பாலும் தளர்த்தி, மாஸ்க்கின் மெத்தையை முகத்தில் மறுபடி படியவிட்டால்தான் நிற்கிறது.

கருவியைத் தலையைவிடத் தாழ்வான இடத்தில் வையுங்கள். மேலே வைத்தால் ஈரப்பதமூட்டியின் நீரும் குழாயில் குளிர்ந்து படியும் நீரும் முகத்துக்கு வரும். தலையைத் திருப்பிக்கொள்ள முடியாதவருக்கு அது சிறிய தொல்லையன்று. பகலில் நாற்காலியில் உறங்கிவிடும்போதும் மூச்சுத்தடை வருகிறது என்பதைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை. தாடை மார்பில் படும்படி தலை குனிந்தால் தொண்டை இன்னும் குறுகும்; நாற்காலியைப் பின்னோக்கிச் சாய்த்து, கழுத்துக்கு ஆதரவு கொடுத்து, கருவியையும் மாட்டிக்கொண்டு உறங்குவதே நல்லது.

மறுமொழி: சக்கரத்தில் ஒருவன்

மூவருக்கும் நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்: வீட்டில் செய்த எளிய சோதனைதான், இரவு முழுவதும் மல்லாந்தே இருந்திருக்கிறேன், கார்பன் டை ஆக்சைடு பற்றி ஒரு வரியும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மறுபடி செய்யக் கேட்கப்போகிறேன். தம்பி என்று அழைத்த அக்காவுக்கு: அம்மாவிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், மணி வாங்குவதற்கு அவர் உடனே சம்மதித்துவிட்டார்.

இன்னும் இரண்டு. மாலையில் என் கால்கள் வீங்கிவிடுகின்றன. அதற்கும் இரவு மூச்சுக்கும் தொடர்புண்டு என்று எங்கோ படித்தேன், சரியா? கருவியே இல்லாமல், வாயில் பொருத்தும் சாதனம், நாக்கு நரம்பைத் தூண்டும் அறுவைச் சிகிச்சை, ஊசி மருந்து என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை எனக்குப் பொருந்துமா?

மறுமொழி: மூச்சுக்கணக்கு

கால் வீக்கத்துக்குத் தொடர்பு உண்டு. நாள் முழுவதும் தொங்கிய நிலையில் கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் மேல்நோக்கி நகர்ந்து, அதில் ஒரு பகுதி கழுத்துத் திசுக்களில் சேர்ந்து தொண்டையைக் குறுக்குகிறது. பகலில் அழுத்தக் காலுறை அணிவது மூச்சுத்தடையை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும் என்பதால் காலுறையின் அளவை அளந்து வாங்குங்கள். மடிப்பு விழுந்தால் அதன் அடியிலேயே புண் வரும். படுக்கைக்குச் செல்லுமுன் சற்று நேரம் கால்களை உயர்த்தி வைப்பதையும் முயலலாம்.

மாற்றுச் சிகிச்சைகள் மூன்றும் உண்மையானவை. ஆனால் உங்கள் நிலையில் அவற்றை முதலில் நாடமாட்டேன். கீழ்த்தாடையை முன்னிழுக்கும் வாய்ச்சாதனம் மிதமான நிலையினருக்கே கூடுதலாகப் பயன்படும். அதைப் பற்களிலிருந்து எடுக்க விரல் வலு வேண்டும் என்பதால் நிதானம் கேட்ட கேள்விதான் அங்கும் எழும். நாக்கு நரம்புத் தூண்டி 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடலுக்குள் மின்கருவி வந்துவிட்டால் பின்னாளில் எம்ஆர்ஐ எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வரும், தண்டுவட நோயாளிக்கு அது சிறிய விலையன்று. டிர்செபடைடு ஊசி 2024 டிசம்பரில் அங்கே ஒப்புதல் பெற்றது உடற்பருமனோடு கூடிய மிதமான, தீவிர மூச்சுத்தடைக்கு மட்டுமே. பசியைக் குறைத்து எடையைக் குறைப்பது அது. எடையோடு தசையும் ஓரளவு குறையும் என்பதை, எஞ்சிய தசையை நம்பி வாழ்பவர் மருத்துவரிடம் விரிவாகப் பேச வேண்டும்.

கருவியிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற கழுத்துக் காயமுற்றவர்களிடம் மெல்போர்னைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த சோதனையில், சில மாதங்கள் சிபாப் பயன்படுத்தியவர்களுக்குப் பகல் தூக்கக்கலக்கம் குறைந்தது. நினைவாற்றலிலும் கவனத்திலும் எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை. நாற்காலியில் தலை தொங்குவது குறைந்தாலே கருவி வேலை செய்கிறது என்று கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு முன்பதிவு செய்யும்போதே, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் தூக்கி இருக்கிறதா, கட்டிலின் உயரத்தை மாற்ற முடியுமா, காற்று மெத்தை தருவார்களா, உங்களைப் புரட்டிவிட உடன் வருபவர் அதே அறையில் தங்கலாமா என்று கேளுங்கள். பக்கவாட்டிலும் பதிவு வேண்டும் என்பதையும், கார்பன் டை ஆக்சைடு அளக்க வேண்டும் என்பதையும் பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்; இரவுப் பணியில் இருப்பவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் உணர்விகளைப் பொருத்துவார்.